உங்கள் போதகர் மேல் முறைப்பாடு வந்தால்: யாழ்ப்பாணத்துச் சபைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

சபைச் செயலாளராகவோ மூப்பராகவோ பங்குச்சபை உறுப்பினராகவோ இப்போதுதான் தெரிவாகியிருக்கிறீர்கள். அறுவடை விழா ஏலம், கூரைத் திருத்தம், ஞாயிறு பாடசாலைப் பரிசளிப்பு, இவைதான் வேலை என்று நினைத்திருப்பீர்கள். பிறகு ஒரு நாள் ஆராதனை முடிந்து எல்லோரும் போன பின் ஒருவர் நின்று, “ஐயாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேணும்” என்பார். அதற்கு அடுத்த ஒரு கிழமையில் நீங்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் மிச்சம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

நான் அப்படி ஒரு விசாரணைக் குழுவுக்குச் செயலாளராக இருந்தேன். எந்தச் சபை என்பது இங்கே வேண்டாம். “முறைப்பாடு வந்தால் குழு விசாரிக்கும்” என்று அந்தச் சபை யாப்பில் ஒரு வரி மட்டும் இருந்தது. யார் குழு, எத்தனை நாள், எதை எழுதிவைப்பது என்று எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் ஊரெல்லாம் கேட்டு, சட்டத்தரணியிடம் பேச்சும் வாங்கித்தான் அறிந்துகொண்டோம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. இது யாருடைய வேலை என்று முதலில் பிரியுங்கள்

முறைப்பாடுகள் பெரும்பாலும் மூன்று வகை. பிள்ளைக்கோ பெண்ணுக்கோ வேறு எவருக்குமோ உடலளவில் நடந்த கொடுமை ஒன்று. காசும் காணியும் இன்னொன்று. மூன்றாவது நடத்தை: அதிகாரத் துஷ்பிரயோகம், பிரசங்க மேடையில் ஆட்களைக் குத்திப் பேசுவது, ஒரு பகுதியாரை மட்டும் ஒதுக்குவது போன்றவை.

முதலாவது பொலிசின் வேலை. அவர்களுக்கு முன்னால் சபை விசாரணை நடத்தக்கூடாது. இரண்டாவதைச் சபை கணக்குப் பார்த்து விசாரிக்கலாம், களவு என்று தெரிந்தால் அதுவும் பொலிசுக்குப் போகும். மூன்றாவது மட்டும்தான் முழுக்கச் சபையின் கையில் இருக்கிறது. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் எல்லாவற்றையும் “உள்வீட்டு விஷயம்” என்று ஒரே மேசையில் போடுவதால் வருகிற கேடுதான் அதிகம்.

2. பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் அன்றைக்கே

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், காசு இல்லை. பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவில் முறைப்பாடு கொடுக்கலாம், அதற்கும் கட்டணம் கிடையாது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், தனியாகப் போகப் பயந்த குடும்பத்துக்கு அவர் உதவியாக இருப்பார்.

வாக்குமூலத்தைத் தமிழில் பதியக் கேட்பது உங்கள் உரிமை. வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் பதிந்த உத்தியோகத்தரின் பெயரையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வெளியே வாருங்கள்.

சம்பவம் அண்மையில் நடந்ததென்றால் உடுப்பைக் கழுவ வேண்டாம், பிள்ளையைக் குளிக்க வார்க்கவும் வேண்டாம். சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும், யாழ் போதனா வைத்தியசாலையில் அதற்கு வசதி உண்டு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பத்தைத் தடுக்கும் மருந்தும் எவ்வளவு கெதியாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன் தரும். அதனால் “ஞாயிறு கமிட்டி கூடட்டும்” என்பது இங்கே பேச்சே இல்லை.

இங்கே மூன்று பொறிகள் உண்டு. “முதலில் ஐயாவிடமே ஒரு சொல் கேட்டுப் பார்ப்போம்” என்பது ஒன்று. நீங்கள் கேட்டுவிட்டு வீடு திரும்புவதற்குள் தொலைபேசியில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பிள்ளையை அம்மா, அம்மம்மா, மூப்பர், மூப்பரின் மனைவி என்று ஆளுக்கு ஆள் கூப்பிட்டுக் கேட்பது அடுத்தது. பிள்ளை சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே ஒரு தடவை எழுதி வையுங்கள், கேள்விகளைப் பயிற்சி பெற்றவர்கள் கேட்கட்டும். மூன்றாவது, “பெட்டையும் விரும்பித்தானே போனது” என்கிற கதை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதத்தைப் பாலுறவில் சட்டம் சம்மதமாக எடுப்பதில்லை.

பாதிக்கப்பட்டவர் வளர்ந்த பெண் என்றால் பொலிசுக்குப் போவதா இல்லையா என்பது அவருடைய முடிவு. 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தைக் கொடுங்கள், கூட வர ஒரு பெண் தயார் என்று சொல்லுங்கள். போ என்று தள்ளுவதும் போகாதே என்று மறிப்பதும் உங்கள் வேலை அல்ல. முறைப்பாடு கொடுத்தவரையோ சாட்சியையோ வெருட்டுவது, பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி தனிக் குற்றம். சபையில் யாராவது “அந்த வீட்டுக்குப் போய் ஒருக்காக் கதைச்சுப் பார்க்கிறோம்” என்று கிளம்பினால் இதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

3. கதையை முறைப்பாடாக்குங்கள்

வாயால் வந்தது ஊரைச் சுற்றும், சுற்றும்போது வளரும். எழுதி வந்ததைத்தான் விசாரிக்கலாம், எழுதியதற்குத்தான் மறுமொழி சொல்லலாம். குற்றம் சாட்டுபவருக்கும் சாட்டப்பட்டவருக்கும் இதுதான் முதல் பாதுகாப்பு.

“ஐயா காசு அடிச்சிட்டார்” என்பது முறைப்பாடு இல்லை. “அறுவடை விழா ஏலக்காசு அன்றிரவே எண்ணப்பட்டது. எண்ணும்போது நானும் இன்னாரும் இருந்தோம். காசை ஐயா வாங்கிக்கொண்டார். அடுத்த மாத வங்கிக் கூற்றில் அது இல்லை” என்பது முறைப்பாடு. யார், என்று, எங்கே, யார் கண்டது, என்ன தாள் இருக்கிறது என்பவை இருந்தால் போதும். எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அவர் சொல்லை அவர் சொல்லாகவே எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

வட்ஸ்அப், வைபர் செய்திகளைப் படம்பிடிக்கும்போது இலக்கமும் திகதியும் தெரியவேண்டும். படம் பிடித்தாயிற்று என்று மூலத்தை அழிக்கவேண்டாம். குரல் பதிவுகளையும் அந்தத் தொலைபேசியையும் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மொட்டைப் பெட்டிசம் வந்தால்? யாழ்ப்பாணத்தில் அது வராத நிறுவனம் கிடையாது. அதை வைத்து ஒருவரையும் தண்டிக்க முடியாது, வாசித்துவிட்டுக் கிழிக்கவும் கூடாது. உள்ளே சரிபார்க்கக்கூடிய விபரம், ஒரு பற்றுச்சீட்டு இலக்கமோ ஒரு காணி உறுதியோ, இருந்தால் அதை மட்டும் சரிபாருங்கள். வெறும் ஏச்சு என்றால் திகதி போட்டுக் கோப்பில் வைத்துவிடுங்கள்.

கத்தோலிக்கர்களுக்கு ஒன்று: பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது முறைப்பாடாகாது. கேட்ட சுவாமி அதை எவரிடமும் சொல்ல முடியாது, அதை வைத்து எதுவும் செய்யவும் முடியாது. சொல்லியாயிற்று என்று காத்திருக்கும் ஆட்கள் உண்டு. அதையே வெளியே வந்து, எழுத்தில், திரும்பவும் சொல்ல வேண்டும்.

கடிதம் கிடைத்து மூன்று நாளுக்குள் “கிடைத்தது, அடுத்து இது நடக்கும், இன்னாரோடு தொடர்பு கொள்ளுங்கள்” என்று ஒரு பதில் கொடுங்கள். ஆட்கள் முகநூலுக்குப் போவது பெரும்பாலும் இந்த ஒரு பக்கக் கடிதம் வராத கோபத்தில்தான்.

4. எங்கே கொடுப்பது

இது சபைக்குச் சபை வேறு.

கத்தோலிக்கப் பங்கில் பங்குச்சபை குருவை விசாரிக்க முடியாது. ஆயருக்கோ குருமுதல்வருக்கோ எழுத வேண்டும். உண்மைபோலத் தோன்றும் குற்றச்சாட்டு வந்தால் ஆயர் முதற்கட்ட விசாரணை நடத்த வேண்டும், அதில் எவருடைய நற்பெயரும் வீணாகக் கெடாமல் பார்க்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1717ஆம் பிரிவு சொல்கிறது. பாலியல் துஷ்பிரயோகம் என்றால் பாப்பரசர் பிரான்சிஸ் 2019இல் பிறப்பித்து 2023இல் நிரந்தரமாக்கிய விதிகள் பொருந்தும். அறிந்த குருக்களும் துறவிகளும் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள், முறைப்பாடு கொடுத்தவரிடம் “இதை வெளியே சொல்லக்கூடாது” என்று வாக்குறுதி வாங்க முடியாது. ஆயர் மேலேயே முறைப்பாடு என்றால் கொழும்புப் பேராயருக்கோ, கொழும்பிலுள்ள பாப்பரசரின் தூதரகம் வழியாக ரோமுக்கோ அனுப்பலாம்.

தென்னிந்தியத் திருச்சபையின் யாழ். ஆதீனத்தில் போதகர் மேலான முறைப்பாடு பேராயருக்குப் போகும். பேராயர் மேல் என்றால் சென்னையில் உள்ள சினொட்டின் (திருச்சபையின் தலைமைச் சங்கம்) பிரதமப் பேராயருக்கு. அங்கிலிக்கன் சபைகள் இங்கே கொழும்பு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை, ஆகவே கொழும்புக்கு. மெதடிஸ்தத்தில் சேகரத்திலிருந்து திருமாவட்டம், அங்கிருந்து மாநாடு. எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள்.

சிக்கல் சுயாதீன சபைகளில்தான். பாஸ்டர் தலைவர், அம்மா பொருளாளர், மச்சான் செயலாளர் என்றால் முறைப்பாட்டை எந்தப் பெட்டிக்குள் போடுவது? முதலில் அந்தச் சபை எப்படிப் பதியப்பட்டது என்று பாருங்கள். கம்பனியாகப் பதிந்திருந்தால் பணிப்பாளர் விபரத்தைக் கம்பனிப் பதிவாளரிடம் எடுக்கலாம், நம்பிக்கைப் பொறுப்பு என்றால் அந்த உறுதியில் பெயர்கள் இருக்கும். அவரைப் பிரதிட்டை செய்த அமைப்போ, மாதச் சம்பளம் அனுப்பும் வெளிநாட்டுச் சபையோ இருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். எதுவும் இல்லை என்றால், பக்கத்துச் சபைகளின் மூத்த போதகர்கள் மூவரிடம் விசாரிக்கும்படி இரு பக்கமும் எழுத்தில் உடன்படுவதுதான் மிச்சமிருக்கும் வழி. அதற்கு உடன்படாத தலைவரைப் பற்றி நான் என்ன நினைப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

5. “இரண்டு சாட்சி எங்கே?” என்று கேட்பார்கள்

கட்டாயம் கேட்பார்கள். மூப்பர் மேலான பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் 19ஆம் வசனம் சொல்வது உண்மை. வெறும் பேச்சை நம்பி ஊழியரைத் தூக்கி எறியாமல் காக்கிற வசனம் அது, அந்தக் காவல் தேவைதான். ஆனால் அடுத்த இரண்டு வசனங்களையும் வாசியுங்கள். பாவம் செய்தவர்களை எல்லோர் முன்னும் கண்டி, பட்சபாதம் பார்க்காதே என்று தொடர்கிறது. உபாகமம் 19ஆம் அதிகாரம் சாட்சிகளைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே நன்றாய் விசாரிக்கவும் சொல்கிறது. சாட்சி இல்லை என்று கதவைப் பூட்டிவிட்டால் எதை விசாரிப்பது?

மூடிய அறையில் நடந்ததற்கு இரண்டாவது ஆள் இருக்கமாட்டார். ஆனால் செய்திகள் இருக்கும், அன்றே அழுதுகொண்டு சொல்லக் கேட்ட சிநேகிதி இருப்பாள், ஒன்றுக்கொன்று தெரியாத இன்னொரு முறைப்பாடு இருக்கலாம், வங்கிக் கூற்று இருக்கும். இவையும் சாட்சிகளே.

மத்தேயு 18ஐயும் எடுத்துக் காட்டுவார்கள்: முதலில் தனியே போய்ப் பேசு என்று. சமமான இரண்டு சகோதரர்களுக்குள் வந்த பிணக்குக்கு அது நல்ல வழி. 15 வயதுப் பிள்ளையைத் தனியே குருமனைக்கு அனுப்புவதற்கு அந்த வசனத்தை எடுப்பது கொடுமை. “அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே” என்பது இன்னொன்று. சவுலைக் கொல்ல மறுத்த தாவீது, குகைக்கு வெளியே வந்து, அவனுடைய சேனையின் முன்னாலேயே அவன் செய்த அநியாயத்தை உரத்துச் சொன்னான். அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

6. குழுவில் யார் இருக்கலாம்

ஐந்து பேர் போதும், மூன்று பேரும் போதும். இரண்டு பெண்களாவது இருக்கட்டும், ஒரு சட்டத்தரணி, காசு விஷயம் என்றால் ஒரு கணக்காளர். குற்றம் சாட்டப்பட்டவர் நியமித்தவரோ, அவர் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையின் தகப்பனோ, அவரோடு முன்பே பகை உள்ளவரோ வேண்டாம்.

இங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். அதனால் குழுவில் பாதிப் பேரையாவது மன்னார், வவுனியா, மட்டக்களப்பு என்று வெளி மாவட்டத்தில் தேடுங்கள். சாதியும் கேட்காமலே உள்ளே வந்து உட்காரும். யார் சொன்னால் நம்புகிறோம், யார் சொன்னால் “அதுகள் அப்பிடித்தான்” என்கிறோம் என்று கொஞ்சம் கவனித்தால் தெரியும். வெளியூர் ஆட்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது என்பதே பெரிய உதவி.

ஒவ்வொருவரிடமும் உறவு, கடன், வியாபாரத் தொடர்பு எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள்.

7. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீங்கள் கடன்பட்டது

அவர் மேல் உங்களுக்கு ஆத்திரம் இருந்தாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பொய் முறைப்பாடுகள் உண்டு. இடமாற்றப் போட்டி, பாடகர் குழுச் சண்டை, காணிப் பிரச்சினை இவற்றில் முளைத்தவை சிலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

என்ன குற்றச்சாட்டு, எந்தத் திகதி, எந்த விதியை மீறியது என்று எழுத்தில் கொடுங்கள். பதிலுக்கு 14 நாள். ஆவணங்களின் பிரதி அவருக்கும் வேண்டும், பாதிக்கப்பட்டவரின் முகவரி, தொலைபேசி இலக்கம் மறைத்து. விசாரணைக்குத் துணையாக ஒருவரைக் கூட்டிவரலாம், தன் சாட்சிகளைச் சொல்லலாம். குற்றம் சாட்டியவரோடு நேருக்கு நேர் இருத்த வேண்டிய அவசியம் இல்லை. கேள்விகளைக் குழு ஊடாகக் கேட்கட்டும்.

பொலிஸ் விசாரணை நடக்கிறதென்றால் இந்தக் கடிதத்தை அவர்களிடம் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

பாரதூரமான குற்றச்சாட்டு என்றால் விசாரணை முடியும்வரை தற்காலிக விடுப்பு. அது தண்டனை இல்லை என்று கடிதத்திலேயே எழுதுங்கள், கொடுப்பனவை நிறுத்தாதீர்கள். குடும்பம் குருமனையில்தான் இருக்கிறது, பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன. சபையில் வாசிக்க நான்கு வரி போதும்: “ஐயா தற்காலிக விடுப்பில் இருக்கிறார். ஒரு முறைப்பாடு விசாரிக்கப்படுகிறது. அது உண்மை என்றோ பொய் என்றோ இன்னும் எவரும் தீர்மானிக்கவில்லை. தகவல் தெரிந்தவர்கள் குழுவுக்கு எழுதலாம்.” இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது ஒரு பக்கம் சாயும். “சுகவீனம் காரணமாக” என்று பொய் சொல்லவே வேண்டாம், அடுத்த வியாழன் அவரைத் திருநெல்வேலிச் சந்தையில் யாராவது காண்பார்கள்.

8. காசு விஷயத்துக்குத் தேவையான தாள்கள்

வங்கிக் கூற்று, பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டை, காசோலை அடிக்கட்டை, வவுச்சர்கள், கூட்டக் குறிப்புப் புத்தகம், காணி என்றால் காணிப் பதிவகத்துப் பதிவின் பிரதி. முறைப்பாடு வந்த அன்றே இவற்றைப் பட்டியல் போட்டு, இருவர் கையெழுத்தோடு பொறுப்பெடுங்கள். ஒரு கிழமை பொறுத்தால் வெள்ளமோ கறையானோ புத்தகத்தைத் தின்றுவிட்டதாகச் சொல்வார்கள்.

பெரிய ஓட்டை வெளிநாட்டுக் காசு. கனடாவிலும் லண்டனிலும் உள்ள பழைய சபையார் கூரைக்கென்று அனுப்பியது, அவசரத்துக்கு ஐயாவின் சொந்தக் கணக்குக்கோ, வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் உண்டியலிலோ வந்திருக்கும். அனுப்பியவர்களிடம் திகதியும் தொகையும் எழுதி வாங்குங்கள். கணக்கு எழுதாதது எல்லாம் களவு அல்ல என்பதையும் மறக்கவேண்டாம். போர்க்காலத்தில் பழகிய கை சிலருக்கு, வாங்கினதும் கொடுத்ததும் ஒரு கொப்பியில் இருக்கும், நேர்மையாகவே இருக்கும். எழுதாமல் விட்டதும் எடுத்துக்கொண்டதும் வேறு வேறு. அறிக்கையில் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

9. எத்தனை நாள்

நான் சொல்லும் கணக்கு: ஒரு கிழமைக்குள் குழு, இரண்டாம் கிழமைக்குள் குற்றச்சாட்டுக் கடிதம், பதிலுக்கு இரண்டு கிழமை, சாட்சிகளுக்கு மூன்று கிழமை, அறிக்கைக்கு ஒரு கிழமை. இரண்டு மாதத்தில் முடிக்கலாம். தவக்காலமும் மார்கழியும் குறுக்கே வந்தால் ஒன்றும் நகராது, அதை முன்பே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வாக்குமூலத்தையும் அன்றே தட்டச்சு செய்து, சொன்னவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைக்கட்டும்.

10. வாயும் வைபரும்

குழுவுக்கு வைபர் குறூப் தொடங்காதீர்கள். இரவு பத்து மணிக்கு இங்கே போட்டது விடிவதற்குள் ரொறன்ரோவில் கதையாகும். அவதூறு இலங்கையில் 2002 முதல் குற்றவியல் குற்றம் இல்லைத்தான், ஆனால் நட்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். இணையத்தில் பொய்த் தகவல் போடுவதைத் தண்டிக்கும் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். “உடுவில் பக்கம், ரியூசனுக்குப் போற பிள்ளை” என்று எழுதினாலே ஊருக்குப் போதும்.

11. செலவு

பொலிசுக்கும் 1929க்கும் செலவில்லை. வருமானம் குறைந்தவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை பெறலாம். சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன் முடித்தால் சட்டத்தரணிக் கட்டணம் மிச்சம். பிறகு போட்டோக்கொப்பி, பதிவுத் தபால், வெளியூர்க் குழுவினருக்குப் பேருந்துக் காசும் சாப்பாடும். கனமான செலவு கணக்காய்வாளர்தான், தொடங்கும் முன் எழுத்தில் விலை கேளுங்கள். எல்லாவற்றையும் சபைப் பொதுநிதியில் எடுங்கள். ஒரு தரப்பின் ஆதரவாளர் “நான் பொறுப்பேற்கிறேன்” என்று வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

12. முடிவைச் சொல்வது

முடிவு மூன்றில் ஒன்று: நிரூபணமானது, நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை, பொய். நடுவில் உள்ளதைப் பொய் என்று அறிவிப்பது முறைப்பாடு கொடுத்தவருக்கு அநியாயம். உண்மை என்று குசுகுசுப்பது மற்றவருக்கு அநியாயம். இரு பக்கத்துக்கும் காரணத்தோடு எழுத்தில் கொடுத்து, மேன்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பொய் என்று தெளிந்தால், விடுப்பு அறிவிப்பு வாசித்த அதே ஆராதனையில் அதே குரலில் வாசியுங்கள். அறிவிப்புப் பலகையில் சின்னத் தாளாக ஒட்டிவிட்டுப் போகாதீர்கள்.

நிரூபணமானால் இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். ஆளை வன்னிக்கு மாற்றிவிட்டுப் பேசாமல் இருப்பது ஒன்று. அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தச் சபைக்கு அறிக்கை போயே ஆகவேண்டும். பாதிக்கப்பட்டவரை ஜெபக் கூட்டத்தில் எழுப்பி “மன்னித்துவிட்டேன்” என்று சொல்லவைப்பது மற்றது. மன்னிப்பு அவருடையது, அவருக்கு எப்போது முடியுமோ அப்போது. உறையில் காசு வைத்துச் சமரசம் பேசுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பில் முறைப்பாடு, பதில், வாக்குமூலங்கள், அறிக்கை, தபால் பற்றுச்சீட்டுகள் எல்லாம் பக்க இலக்கத்தோடு இருக்கட்டும். ஒரு பிரதி திருச்சபைத் தலைமை அலுவலகத்தில், ஒன்று சட்டத்தரணியிடம். குருமனை அலுமாரியில் வைக்கவேண்டாம், அடுத்து வருகிற ஐயாவிடமும் அந்தத் திறப்புத்தான் இருக்கும்.